கருகுதா, தங்கச்சி?

"தங்கச்சி, கொஞ்சம் மூக்கு குடு."

அவர் என்னிடம் இரவல் கேட்டது இது ஒன்றைத்தான். என் பூக்கடைக்கும் அவருடைய ரிப்பேர் கடைக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்பு. அதில் விரலால் தட்டுவார். தொடுத்துக்கொண்டிருந்த சரத்தை ஈரத்துணியில் போட்டுவிட்டு எழுந்து போவேன். கருகிய சர்க்யூட் போர்டு ஒன்றை, இறந்த பட்டாம்பூச்சியை எடுத்து வருகிற மாதிரி உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு நிற்பார். என் மூக்கருகே நீட்டுவார். அவருடைய பார்வை போர்டில் இருக்காது. என் முகத்தில் இருக்கும்.

"என்ன வாடை?"

"கவிச்சி."

"மீன் கவிச்சியா, முட்டைக் கவிச்சியா?"

"மீன். ஐஸ் உருகுன மீன்."

"அப்ப கெப்பாசிட்டர்தான் கக்கியிருக்கு. பொழைச்சுக்கிடும்."

முடி கருகிய வாடை என்று சொன்னால் உதட்டைப் பிதுக்குவார். அடிபிடித்த பால் என்றால் போர்டையே தூக்கி மூலையில் போட்டுவிடுவார். வெல்லப்பாகு தீய்ந்த மாதிரி என்றால் பழுது அதில் இல்லை, மோட்டார் கம்பியில் என்று அர்த்தம். நேற்றுப் பூவை இன்றைய பூவோடு கலந்து கொண்டுவருகிறவனைக் கூடை திறக்கும் முன்னே பிடித்துவிடுகிற மூக்கு என்னுடையது. அவருக்கு அது போதுமாக இருந்தது.

அவருடைய மூக்கைக் கொரோனா கொண்டுபோயிருந்தது. எல்லோருக்கும் திரும்பி வந்தது, அவருக்கு வரவில்லை. காலையில் மண்டியிலிருந்து என் கூடை வந்ததும் வருவார். மல்லிகைக்குள் முகத்தைக் கவிழ்ப்பார், கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிறவர் போல. கொஞ்ச நேரம் அப்படியே இருப்பார். நிமிர்ந்து, "வெள்ளை மட்டும்தான் இருக்கு தங்கச்சி" என்பார். அந்த வாக்கியத்தைக் கேட்ட நாளெல்லாம் எனக்குப் பூ தொடுக்க வராது. விரல் குளிர்ந்துவிடும்.

சாப்பாட்டைக் காதால் சாப்பிட்டார். அப்பளம், வத்தல், முறுக்கு, வறுத்த கடலை. நொறுங்குகிற எதையாவது சோற்றோடு சேர்த்துக் கடித்துக்கொண்டே இருப்பார். "சத்தம் கேட்டாப் போதும். ருசின்னு நினைச்சுக்கிடுவேன்." அவர் மதியச் சாப்பாடு தகரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சருகுக் காட்டில் யாரோ நடக்கிற மாதிரி எனக்குக் கேட்கும்.

ஐம்பதைத் தாண்டிய ஆள். இன்வெர்ட்டர், செல்போன், தறிக்கூடத்து ஸ்டார்ட்டர் என்று பார்த்துக்கொண்டிருந்தவரிடம் மோட்டார் வைத்த சக்கரப் பலகைகள் வந்து சேர்ந்தது என் மகளால்தான். கோமதி இன்ஜினியரிங் படிக்கிறாள். அவளும் அவள் கூட்டாளிகளும் கட்டில் பலகையை அறுத்து, அடியில் நாலு சக்கரம் மாட்டி, பழைய எலெக்ட்ரிக் ஸ்கூட்டரின் பேட்டரியை ஒட்டி, மோட்டாரை ஆன்லைனில் வரவழைத்து, கையில் ஒரு ரிமோட்டை வைத்துக்கொண்டு பைபாஸில் நின்றபடியே பறந்தார்கள். ஊர் முதலில் வாயைப் பிளந்தது. அப்புறம் சிரித்தது. அப்புறம் எவன் வீட்டுக் கட்டிலிலும் பலகை மிஞ்சவில்லை.

பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவே சோப்புக் கட்டி அளவில் ஒரு பெட்டி இருக்கும். கண்ட்ரோலர். எவ்வளவு கரண்ட் போகவேண்டும், எப்போது நிற்கவேண்டும் என்று சக்கரத்துக்குச் சொல்வது அதுதான். அது எரிந்தால் சக்கரம் சில நேரம் அப்படியே கவ்விக்கொள்ளும். பலகை நிற்கும். மேலே நிற்கிறவர் நிற்கமாட்டார்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் ஒரே தப்பைத்தான் செய்தார்கள். பேட்டரியை வழிய வழிய சார்ஜ் ஏற்றிவிட்டு நேரே புளியங்குடி ரோட்டு இறக்கத்துக்குப் போவார்கள். இறக்கத்தில் பிரேக்கை அழுத்தினால் ஓட்டத்தின் வேகம் கரண்டாக மாறிப் பேட்டரிக்கே திரும்பி வரும். நிறைந்த குடத்தில் இன்னும் ஊற்றினால் எங்கே போகும்? கண்ட்ரோலரில் போய் வெடிக்கும். "கொஞ்சம் பசியோட அனுப்புங்கலே பேட்டரிய. வயிறு முட்டத் தின்னுட்டு எவனாவது ஓடுவானா?" என்று ஒவ்வொருவனிடமும் சொல்வார். தலையை ஆட்டிவிட்டுப் போய்த் திரும்பவும் எரித்துக்கொண்டு வருவான்.

இதுவரை சொன்னது அந்த மனிதரின் ஒரு பக்கம். இனி இன்னொரு பக்கம்.

ஒரு மத்தியானம், சால்டரிங் கம்பியைப் பிடித்தபடி தலையைத் தூக்கினார். நாய் தூக்குகிற மாதிரி.

"கருகுது."

நான் மூச்சை இழுத்துப் பார்த்தேன். மல்லிகை, ஈரச் சாக்கு, பக்கத்து ஹோட்டலின் வெங்காயம். "ஒண்ணும் இல்லையே அண்ணாச்சி."

"இல்ல தங்கச்சி. கருகுது. நல்லாக் கருகுது."

அவர் முகத்தில் பயம் இல்லை. இத்தனை காலம் கழித்து மூக்கில் ஏதோ ஒன்று வந்து நின்ற சந்தோஷம்கூட இருந்தது. மெயினை அணைத்தார். கடையைப் புரட்டிப் போட்டார். எதுவும் எரியவில்லை. தேடி முடித்ததும் சுவரைப் பார்த்து நின்றார். வாய் மட்டும் மென்மையாக அசைந்தது, இல்லாத ஒன்றைச் சப்புக்கொட்டுவது போல. "அண்ணாச்சி" என்றேன். கேட்கவில்லை. பிறகு ஒன்றும் நடக்காதது மாதிரி உட்கார்ந்து வேலையைத் தொடர்ந்தார். திருநெல்வேலியில் காட்டியதற்கு, கொரோனாவுக்குப் பிறகு சிலருக்கு இப்படி வரும், நரம்பு சொல்கிற பொய், பயப்படவேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்களாம். "பொய்யாவது வருதே" என்று சிரித்தார்.

ஆனால் அதற்கு அடுத்த வாரம், சிவகிரிப் பையன் ஒருவன் நல்லபடியாக ஓடுகிற பலகையோடு கடை வாசலில் வந்து நின்றபோது அதே மாதிரி தலையைத் தூக்கினார். "ஏலே, இறங்கு. கருகுது." அவன் பெட்டியைக் கழற்றிக் காட்டினான். நான் மோந்தேன். புது பிளாஸ்டிக் வாடை, அவ்வளவுதான். "அண்ணாச்சிக்கு யாவாரம் ஆவணும், அதுக்குத்தான்" என்று கண்ணடித்துவிட்டுப் போனான். சாயங்காலம் தோளில் கட்டோடு வந்தான். கையில் கண்ட்ரோலர். நான் மோந்தேன். முடி கருகிய வாடை.

நானும் அண்ணாச்சியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

நியாயமாகச் சொல்லவேண்டும். ஹோட்டல் இட்லிக் கொப்பரை கருகுது என்றார், அது இன்றைக்கும் அவித்துக்கொண்டிருக்கிறது. பஸ் ஸ்டாண்டு டீக்கடை ஃபேன் கருகுது என்றார், அது சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. நடக்காததை ஊர் அன்றைக்கே மறந்தது. நடந்ததை ராயகிரி வரைக்கும் கொண்டுபோனது. பலகைகள் எரிவதற்கு முன்பே வர ஆரம்பித்தன. "சும்மா ஒரு தடவ மோந்து மட்டும் சொல்லுங்க அண்ணாச்சி." பிறகு மிக்ஸி வந்தது. கிரைண்டர் வந்தது. ஒருத்தர் புது பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

ஒரு நாள் மேலநீலிதநல்லூரிலிருந்து ஒரு பெண் வந்தாள். மஞ்சப்பைக்குள்ளிருந்து ஒரு சட்டையை எடுத்து மேசையில் வைத்தாள். புருஷனுடைய சட்டை, துவைக்காதது. லாரியில் வடக்கே போகிறவர், நாளைக்குக் கிளம்புகிறார்.

"இதுல கருகுன வாடை அடிக்கான்னு பாத்துச் சொல்லுங்கய்யா."

"நான் என்னம்மா நாயா?" என்றார். அவள் நகரவில்லை. அவர் சட்டையை எடுத்தார். மல்லிகைக்குள் கவிழ்க்கிற மாதிரியே முகத்தைக் கவிழ்த்தார். நிமிர்ந்தபோது அந்த முகத்தில் நான் எதையும் படிக்க முடியவில்லை.

"சோப்புப் போட்டுத் துவைம்மா. வேர்வை வாடைதான்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள். நான் தடுப்பைச் சுற்றி வந்து கேட்டேன், "நெசமாவே இல்லையா?"

"இருந்தா மட்டும் அந்தப் பிள்ளைகிட்ட என்னத்தச் சொல்லச் சொல்லுத?" என்றார். அந்த லாரி என்ன ஆயிற்று என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தப் பக்கத்து பஸ் வந்து நிற்கும்போதெல்லாம் இறங்குகிறவர்களில் அவளைத் தேடுகிறேன்.

அதன் பிறகுதான் கோமதியின் பலகை வந்தது.

இறக்கத்தில் அவளும் கண்ட்ரோலரை எரித்துவிட்டாள். முழங்கை தேய்ந்ததோடு போயிற்று. அவர் சரிபண்ணினார். நான் மோந்து பார்த்து, சுத்தம் என்றேன். பலகையை எடுக்க அவள் கடைக்குள் நுழைந்தாள். அவர் தலை எழும்பியது.

"கருகுது."

"மாமா, எங்கிட்டயுமா? நான் என்ன மிக்ஸியா?" என்றாள் கோமதி.

அவர் சிரிக்கவில்லை. ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டுப் பெட்டியைத் திறந்து எல்லாப் பாகத்தையும் மாற்றினார். மறுநாள் அவள் வந்ததும் திரும்பவும் வாடை வந்தது. பழுது எங்கே என்று தெரியாவிட்டால் அவர் ஒவ்வொன்றாகக் கழற்றி வெளியே வைப்பார். எதை வெளியே வைத்ததும் பழுது நிற்கிறதோ அதில்தான் பழுது. அவருக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். கண்ட்ரோலரைக் கொண்டுபோய்த் தெருவில் வைத்தார். கருகியது. பேட்டரியை வைத்தார். கருகியது. மோட்டார், சக்கரம், கடைசியில் வெறும் பலகை. தெருவில் ஒரு பிணத்தைப் பிரித்துப் போட்ட மாதிரி எல்லாம் கிடந்தது. மேசை காலி. கருகிக்கொண்டே இருந்தது.

கடைக்குள் மிச்சம் இருந்தது அவரும் நானும் கோமதியும்.

"மக்கா, நீ செத்த வெளிய போய் நில்லு."

போனாள். அவர் கண்ணை மூடினார். வெகுநேரம்.

"உள்ள வா."

வந்தாள். போகச் சொன்னார். வரச் சொன்னார். "என்ன மாமா, கல்யாண வீட்டுல பொண்ணு பாக்க மாதிரி" என்று சிரித்துக்கொண்டே வந்து போனாள். அவர் நெற்றியில் வேர்வை புள்ளி புள்ளியாகக் கிளம்புவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணும் இல்ல மக்கா. நீ வீட்டுக்குப் போ. பலகை நாளைக்கு."

அவள் போன பின், நான் கேட்காமலே சொன்னார். அவள் வெளியே போனால் வாடை அடங்குகிறது. உள்ளே வந்தால் வருகிறது.

தெருவில் கிடந்த பலகையைக் காட்டினேன். "அந்தப் பலகைய அடுப்புல வச்சு எரிங்க அண்ணாச்சி. இனிமே அவ ஏறவே வேண்டாம்."

"பலகையில இல்லன்னுதானே தங்கச்சி சொல்லுதேன்."

அன்றைக்குக் கோயிலுக்குப் போய்ப் புற்றுமண் கொண்டுவந்து, குழைத்து அவள் நெற்றியில் இட்டேன். "எனக்கென்னம்மா, பாம்பா கடிச்சிருக்கு?" என்று துடைத்துக்கொண்டு ஓடினாள். அவள் தூங்கும்போது தலைமாட்டில் குனிந்து மோந்து பார்த்தேன். தேங்காயெண்ணெய். அவள் பிறந்தபோது உச்சியில் மணந்த அதே சூடு. ஊரில் யாரும் ஏமாற்ற முடியாத என் மூக்கின் மேல் எனக்கே நம்பிக்கை போன காலம் அது. அவர்மேல் கோபம் வந்தது. அவரைவிட்டால் வேறு யாரிடம் கேட்பது என்றும் இருந்தது.

அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். அவரால் மட்டும்தான் அப்படி ஒன்றை யோசிக்க முடியும். பலகையைத் திருப்பிக் கொடுத்தார். ஆனால் கண்ட்ரோலருக்குள் நடை வேகத்துக்கு மேல் போகாதபடி செட் பண்ணி, தனக்கு மட்டும் தெரிந்த நம்பரைப் போட்டுப் பூட்டிவிட்டார். சாயங்காலம் கடையை அடைத்ததும் பைபாஸுக்கு வந்தார். அவள் பலகையில் நின்றபடி ஊர்ந்தாள். அவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, மூக்கை மேலே தூக்கியபடி, அவளுக்கு இடது பக்கமாக நடந்தார்.

"மாமா, ஆட்டுக்குட்டியெல்லாம் என்னைத் தாண்டிப் போவுது!"

"போவட்டும். அதுக்கு வீட்டுல அவசரம்."

டீக்கடையிலிருந்து குரல் வரும். "என்ன அண்ணாச்சி, சப்பரம் எதுவரைக்கும் போவுது?"

"நீ தேங்கா உடைச்சாத் திரும்பிரும்லே."

நான் கடையைச் சீக்கிரம் மூடிவிட்டுக் ஓடைப் பாலத்துத் திண்டில் உட்கார்ந்திருப்பேன். மேற்கே மலை நீலமாகும், பிறகு கரியாகும். கரிசல் காட்டிலிருந்து ஒரு வெப்பம் எழுந்து வரும். அந்த வெளிச்சத்தில் இரண்டு உருவங்கள், ஒன்று நிற்கிறது, ஒன்று நடக்கிறது, இரண்டும் ஒரே வேகத்தில் நகர்கின்றன. பார்க்கப் பார்க்க அது சிரிப்பாக இல்லாமல் போனது. நடக்கிறவர் அவ்வப்போது நின்றுவிடுவார். அவளும் நிறுத்துவாள். வாய் அசையும். கடந்து போகிறவர்கள் அவர் மந்திரம் சொல்கிறார் என்று நினைத்தார்கள். பிறகு இருவரும் மறுபடி நகர்வார்கள்.

வாடை வராத நாட்களுக்கு அப்புறம் வேகத்தைக் கொஞ்சம் கூட்டினார். எட்டி நடந்தார். இன்னும் கூட்டினார். ஓடினார். அந்த வயதில், செருப்பைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, சூடு இறங்காத ரோட்டில் வெறுங்காலோடு ஓடினார். "நீங்க ஏன் மாமா ஓடுதீங்க? டிவிஎஸ்ல வாங்களேன்" என்றாள். "புகை வாடை கலந்துரும் மக்கா" என்றார். வாடையே தெரியாத மனிதர், இல்லாத ஒரு வாடைக்காகப் புகையை விலக்கி வைத்துக்கொண்டு ஓடினார். என் பிள்ளைக்காக. எனக்கு அப்போது நன்றியும் இருந்தது, முதுகெல்லாம் சில்லிட்டும் இருந்தது. இரண்டையும் பிரிக்க எனக்குத் தெரியவில்லை.

ஒரு சாயங்காலம் அப்படி ஓடிக்கொண்டிருந்தார்கள். நான் இருந்த இடத்தைத் தாண்டியதும் அவர் கத்தினார். "கருகுது! நிறுத்து மக்கா, இறங்கு!"

அவள் நிறுத்தி இறங்கினாள். நான் ஓடினேன். பலகையைப் புரட்டி அந்தப் பெட்டியில் கை வைத்தேன். பச்சைத் தண்ணீரில் கிடந்த கல் மாதிரி ஜில்லென்று இருந்தது. மூக்கை வைத்தேன். எந்த வாடையும் இல்லை.

"இல்ல அண்ணாச்சி, ஒண்ணுமே இல்ல" என்று நிமிர்ந்தபோது அவர் மேற்கைப் பார்த்து நின்றிருந்தார். வாய் சப்புக்கொட்டியது. ஒரு கை தானாக ஆடியது, மேசைமேல் வைத்து கரண்ட் கொடுத்துப் பார்க்கும்போது மோட்டார் விட்டு விட்டுத் துடிக்குமே, அது மாதிரி. பிறகு உடம்பு முழுக்க அப்படித் துடித்தது. சரிந்து விழுந்தார்.

திருநெல்வேலியில் படம் எடுத்தார்கள். மூளையில், காதுக்கு மேலே உட்புறத்தில், ஒரு கட்டி. அது வலிப்பைத் தூண்டும்போது முதலில் இந்தக் கருகல் வாடைதான் வரும், பிறகு ஆள் பிரமை பிடித்து நிற்பார், நாள்பட்ட கட்டி என்றார் டாக்டர். ஓடினாலும் வரலாம், பதறினாலும் வரலாம். என் மகள் கடைக்குள் நுழைந்தபோதெல்லாம் அவர் பதறியிருக்கிறார்.

அவருக்கு நினைவு தெளிந்திருந்த ஒரு காலையில் நான்தான் அதைச் சொன்னேன். அவர் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அண்ணாச்சி, அந்த வாடை பலகையிலயும் இல்ல. பிள்ளைகிட்டயும் இல்ல. உங்க தலைக்குள்ள இருந்திருக்கு."

என்னைக் கூர்ந்து பார்த்தார். "அப்ப கோமதிக்கு ஒண்ணும் இல்ல?"

"ஒண்ணும் இல்ல."

"நெசமாத்தானா தங்கச்சி? எல்லாத்தையும் வெளிய வச்சுப் பாத்தேன். நான் வெளிய போய் நின்னு பாக்கவே இல்லையே." மூச்சை நீளமாக விட்டார். முகத்தில் எத்தனையோ மாதமாக இருந்த முடிச்சு அவிழ்ந்தது. "நல்லவேளை. நான்தானா."

இப்படியும் ஒருவர் சந்தோஷப்பட முடியுமா என்று நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து, கண்ணை மூடியபடியே கேட்டார்.

"அப்ப அந்த சிவகிரிப் பய பலகை?"

அறுவைக்கு நாள் குறித்திருந்தார்கள். அதற்கு முன்பே போய்விட்டார்.

கோமதியின் பலகை இன்னும் அவர் கடைசியாகப் பூட்டிய வேகத்தில்தான் ஓடுகிறது. நம்பர் யாருக்கும் தெரியாது. வேறு கண்ட்ரோலர் போட்டால் பழையபடி பறக்கலாம், அவளுக்கு அது அரைமணி நேர வேலை. "வாங்கித் தரட்டுமா?" என்று கேட்டேன். "இருக்கட்டும்மா" என்றாள்.

சாயங்காலம் பைபாஸில் பார்க்கிறேன். கூட்டாளிகள் சர்ரென்று முன்னே போய்விடுகிறார்கள். இவள் பின்னால் தனியாக வருகிறாள், வயதான ஒரு மனிதர் மூச்சிரைக்க ஓடக்கூடிய வேகத்தில். ரோட்டின் இடது ஓரத்தில் ஓர் ஆள் அகலத்துக்கு இடம் விட்டே வருகிறாள். லாரி ஹாரன் அடித்தாலும் அந்த இடத்துக்குள் ஒதுங்குவதில்லை.